திரை வந்துவிட்டது, ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே?

நமது பள்ளிக்கூடங்களின் விழா அழைப்பிதழ்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் "கணினி அறை திறப்பு" என்று அச்சடித்த இடத்தில் இப்போது "ஸ்மார்ட் வகுப்பறை திறப்பு" என்று அச்சடிக்கிறார்கள். சுவரில் ஆள் அகலத்துக்கு ஒரு திரை. பக்கத்திலேயே நன்கொடை கொடுத்தவரின் பெயர் பொறித்த பளிங்குக் கல். ரிப்பன் வெட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், மதியம் பிரியாணியோடு விழா நிறைவடைகிறது. கொடுத்தவரின் எண்ணம் நல்ல எண்ணம்தான். அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. மறுநாள் காலை முதல் பாடவேளையில் அந்தத் திரையில் என்ன ஓடப் போகிறது? அதை ஓட்டப் போகும் ஆசிரியைக்கு யார், எப்போது, எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள்?

கேட்டுப் பாருங்கள். "கம்பெனிக்காரங்க வந்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துட்டுப் போனாங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். எதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? சுவிட்சை எங்கே போடுவது, பேனாவால் திரையில் எப்படி எழுதுவது, இணையத்தை எப்படி இணைப்பது! இது கருவியை இயக்கும் பயிற்சி. அந்தக் கருவியைக் கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை விளங்க வைக்கும் பயிற்சி வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதும் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

வணிகப் பெருமக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதே இல்லை. கடையில் புதிதாக பில்லிங் கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன செய்வீர்கள்? கல்லாவில் உட்காரும் பையனை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவீர்கள். பழைய ரசீதுப் புத்தகத்தையும் கூடவே வைத்து இரண்டு கணக்கும் ஒத்துப் போகிறதா என்று ராத்திரி பார்ப்பீர்கள். பழகாத பையனை உட்கார வைத்தால் வாடிக்கையாளர் வரிசையில் நின்று சலித்துப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பது பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்துக் கடை கிடையாது. புரியாவிட்டால் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நஷ்டம் பரீட்சைத் தாள் வரும் வரை யார் கண்ணிலும் படாது.

வகுப்பறைக்குள் நடப்பது என்ன?

பயிற்சி இல்லாத இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, திரைக்குத் துணி போட்டு மூடிவிடுகிறார்கள். "ஹாஜியார் வாங்கிக் கொடுத்தது, கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது?" என்ற பயம் ஆசிரியைக்கு. ஆய்வு அதிகாரி வரும் நாளிலும் பெற்றோர் கூட்டத்தன்றும் மட்டும் துணி விலகும்.

மற்றொன்று இதைவிட மோசம். யூடியூபில் பாடத்தின் பெயரைத் தட்டச்சு செய்து, முதலில் வருவதைப் போட்டுவிட்டு, ஆசிரியை மேசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறார். நாம் அவரைக் குறை கூறவில்லை. நாள் முழுக்க இடைவெளியில்லாத பாடவேளைகள், கையில் கட்டுக்கட்டாக நோட்டுகள், வாங்குவதோ சொற்பச் சம்பளம். இருபது நிமிடம் கிடைத்ததே என்று அவர் நினைப்பது மனித இயல்பு. ஆனால் அந்த இருபது நிமிடமும் யாரோ ஒருவர் வேகமான ஆங்கிலத்தில், அல்லது நம் பிள்ளைகள் பழகாத உச்சரிப்பில், பேசிக்கொண்டே போகிறார். நடுவே விளம்பரம் வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வரக்கூடாத விளம்பரமும் வரும்! படம் முடிந்ததும் கேட்காமலே அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கும். அது பாடத்துக்குச் சம்பந்தமில்லாததாகவும் இருக்கும். மணி அடிக்கிறது. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்!" அவ்வளவுதான். பாடம் முடிந்தது என்று பதிவேட்டில் எழுதியாகிவிட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை

இதில் அரசாங்கத்தை மட்டும் திட்டுவது நியாயமாகாது. தமிழகத்தில் 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே பாடங்களின் ஓரத்தில் கியூ.ஆர். கட்டங்களை அச்சிட்டார்கள். செல்போனில் திக்ஷா செயலியைத் திறந்து காட்டினால் அந்தப் பாடத்துக்கான படம் வரும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், செல்போன் வாங்க வழியில்லாத எத்தனையோ வீடுகளில் பாடம் வந்தது அந்த வழியாகத்தான். 2023இல் மணற்கேணி என்ற செயலியைப் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்டது. பாடநூலை ஒட்டிய படங்கள் அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளம்பரத் தொல்லை இல்லாமல் கிடைக்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு 2019இல் தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சித் திட்டம், நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் இலக்காக வைத்தது.

ஆனால் நிஷ்டாவின் அந்தக் கணக்கு அரசுப் பள்ளிகளின் தொடக்க நிலை ஆசிரியர்களை வைத்துப் போடப்பட்டது. நமது மஹல்லாக்களில் ஜமாஅத்தும் அறக்கட்டளைகளும் நடத்துகிற சுயநிதி நர்சரி, மெட்ரிக் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியைகள் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்களில் பலர் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்று வந்த நம் வீட்டுப் பெண்கள். இரண்டு, மூன்று வருடம் வேலை பார்ப்பார்கள். திருமணம் ஆகி வேறு ஊருக்குப் போவார்கள். அவர்கள் இடத்துக்கு இன்னொருவர் வருவார். இவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியது யார்? பள்ளியை நடத்துகிற நாம்தான். வேறு யாரும் வரப்போவதில்லை.

திரையை வைத்து ஆசிரியரைப் பழக்குவது புது யோசனையும் அல்ல. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இந்தியா தொலைக்காட்சி காட்டியது. அந்தக் கிராமங்களில் காலையில் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள். அந்த ஓராண்டிலேயே, பள்ளி விடுமுறை நாட்களில் அதே பெட்டியைக் கொண்டு ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். பெட்டி வந்தால் மட்டும் போதாது, வாத்தியாரும் தயாராக வேண்டும் என்று அன்றைக்கே கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, கையில் இணையம் இருக்கும்போது நமக்கு ஏன் அது தோன்றவில்லை?

நல்ல படமும் ஏமாற்றும்

"நல்ல படமாகத் தேர்ந்தெடுத்துப் போட்டால் போதாதா, இதற்கு எதற்குப் பயிற்சி?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம்.

2014இல் அமெரிக்காவின் எட்எக்ஸ் இணையவழிப் பாடங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. நான்கு பாடங்களில், மாணவர்கள் படம் பார்த்த 69 லட்சம் தடவைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். படம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தரமாக ஒரு மாணவர் தொடர்ந்து பார்த்தது அதிகபட்சம் ஆறு நிமிடம்தான்! அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்த பெரியவர்கள். நம் எட்டாம் வகுப்புப் பையன் கட்டாயத்தின் பேரில் உட்கார்ந்திருக்கிறான். இருபது நிமிடப் படத்தில் அவன் மனம் எந்த நிமிடத்தில் வெளியே போயிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியமானது. இன்று வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனலால் உலகம் அறிந்த டெரிக் முல்லர், 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய ஆராய்ச்சியே படங்களைக் கொண்டு இயற்பியல் கற்பிப்பதைப் பற்றியதுதான். தெளிவாக, அழகாக விளக்கும் படத்தைச் சில மாணவர்களுக்குக் காட்டினார். "அருமை, நன்றாகப் புரிந்தது" என்றார்கள். பரீட்சை வைத்தால் பழைய தவறான விடையையே எழுதினார்கள்! மாணவர்கள் பொதுவாகச் செய்யும் தவறை முதலில் எடுத்துப் பேசி, பிறகு அது ஏன் தவறு என்று காட்டும் படத்தை வேறு மாணவர்களுக்குக் காட்டினார். "குழப்பமாக இருக்கிறது" என்று முணுமுணுத்த அவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். மனதில் ஏற்கெனவே ஒரு தவறான எண்ணம் உட்கார்ந்திருந்தால், சரியான விளக்கம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிள்ளைக்கோ எல்லாம் புரிந்தது போலவே இருக்கும்.

அந்தத் தவறான எண்ணம் எது என்பது ஊருக்கு ஊர், வகுப்புக்கு வகுப்பு மாறும். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து படம் எடுப்பவருக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசிரியைக்குத்தான் தெரியும்.

பிறையை எடுத்துக்கொள்வோம்

வெறும் பேச்சாக இல்லாமல் ஒரு பாடத்தையே எடுத்துப் பார்ப்போம். நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது? நம் பிள்ளைகளைவிட இந்தப் பாடத்தில் ஆர்வம் உள்ள பிள்ளைகள் வேறெங்கும் இருக்க முடியாது. ரமலானுக்கும் ஷவ்வாலுக்கும் மொட்டை மாடியில் ஏறி நிற்கிறவர்கள் அல்லவா! (பிறையைக் கண்ணால் பார்ப்பதா, கணக்கிட்டு முடிவு செய்வதா என்ற வழக்கை இங்கே நாம் இழுக்கவில்லை. அதற்குத் தனி மேடைகள் போதுமான அளவு இருக்கின்றன. பிறை ஏன் பிறையாக இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.)

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ஒவ்வோர் ஆண்டுக்கும் நிலவின் வளர்ச்சியையும் தேய்வையும் காட்டும் ஒரு படத்தை இலவசமாக வெளியிடுகிறது. ஒரு வருட நிலா ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் ஓடி முடியும். யாரும் பேச மாட்டார்கள். அது குறையல்ல, நமக்கு வசதி. ஆசிரியை தம் மொழியில், தம் பிள்ளைகளுக்குத் தகுந்தபடி பேசலாம்.

இதை முன்னேற்பாடு இல்லாத ஆசிரியை எப்படிக் காட்டுவார்? ஐந்து நிமிடமும் ஓட விடுவார். பிள்ளைகள் "ஹை!" என்பார்கள். நிலா பன்னிரண்டு தடவைக்கு மேல் வளர்ந்து தேயும். ஒன்றும் பதியாது.

முன்னேற்பாடு செய்த ஆசிரியை என்ன செய்வார்? படத்தைப் போடுவதற்கு முன்னால் கேள்வியைப் போடுவார். "முதல் பிறை ஏன் நகக்கீற்று மாதிரி மெல்லிசாக இருக்கிறது? ஆளுக்கொரு பதில் நோட்டில் எழுதுங்கள்." பாதிப்பேருக்கு மேல், "பூமியின் நிழல் நிலா மேல் விழுகிறது" என்று எழுதுவார்கள். பெரியவர்களைக் கேட்டாலும் பலர் இதையேதான் சொல்வார்கள். இதுதான் அந்த உட்கார்ந்திருக்கும் தவறு. ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதுவார், தவறு என்று உடனே சொல்லமாட்டார். அடுத்த கேள்வி: "பிறை பார்க்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பீர்கள்?" மேற்கே. "சூரியன் எந்தப் பக்கம் மறைந்தது?" அதுவும் மேற்கே. "அப்படியானால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்?" சூரியனுக்கு எதிர்ப்பக்கம், கிழக்கே! கிழக்கே விழுகிற நிழல் மேற்கே இருக்கிற பிறையை எப்படி மறைக்கும்? வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். படம் போடுவதற்கான நேரம் அதுதான்.

எவ்வளவு படம்? ஐந்து நிமிடமும் வேண்டாம். ஒரு மாதம் ஓடுவதற்கு ஏறத்தாழ 25 வினாடி ஆகிறது. அந்த 25 வினாடிதான் பாடம். முதல் தடவை சும்மா ஓடட்டும். இரண்டாம் தடவை வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பிறையில் ஒரு நிறுத்தம், பாதி நிலாவில் ஒரு நிறுத்தம், முழு நிலாவில் ஒரு நிறுத்தம். எந்தப் பக்கம் முதலில் வெளிச்சமாகிறது, எந்தப் பக்கம் முதலில் இருளாகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். பிறகு திரையை அணைத்துவிட வேண்டும். ஜன்னலைச் சாத்தி ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, ஆளுக்கொரு பந்தைக் கையில் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்தபடி இடப்பக்கமாக மெல்லச் சுற்றச் சொன்னால், பல்புக்குப் பக்கத்தில் பிறை, பாதிச் சுற்றில் முழு நிலா என்று எல்லாமே அந்தப் பந்தின் மேல் தெரியும். தலை பூமி, பல்பு சூரியன், பந்து நிலா. ஒளியைப் பற்றிச் சோதனை செய்து பார்த்து எழுதிய இப்னு ஹைதமின் பெயரைச் சொல்லி நமது மேடைகளில் பெருமைப்படுகிறோம். அவருக்குச் செய்யும் மரியாதை அந்தப் பந்திலும் பல்பிலும் இருக்கிறது.

இதோடு முடியவில்லை. விவரமான ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "மிஸ், படத்துல பிறை நிமிர்ந்து நிக்குது. நாங்க பார்க்குற பிறை படகு மாதிரி படுத்துல்ல கிடக்கு?" பார்த்தீர்களா! படத்தை முன்கூட்டியே பார்க்காத ஆசிரியை இங்கே திணறிப் போவார். "உட்காரு, அதெல்லாம் கேட்காதே" என்று சொல்லிவிடவும் கூடும். அந்தப் பிள்ளை அதன்பிறகு அந்த வகுப்பில் கேள்வி கேட்காது. விடை சிக்கலானது அல்ல. வடக்கு மேலே இருக்கும்படி அந்தப் படத்தை வரைந்திருக்கிறார்கள். நாம் மேற்கு நோக்கி நிற்கும்போது வடக்கு நம் வலது கைப்பக்கம் இருக்கிறது. படத்தைக் கடிகார முள் சுற்றும் திசையில் கால் சுற்றுத் திருப்பினால் பிறை படகாகிவிடும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு இப்படித் தெரிகிறது. லண்டனில் இருக்கிற உறவினரைக் கேட்டால் அங்கே சாய்ந்து நிற்கும் பிறையைச் சொல்வார். கையில் இருக்கும் செல்போனைத் திருப்பிக் காட்டினாலே போதும். ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று முந்தின நாளே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டுப் பாடம்? மாதம் பிறந்ததிலிருந்து பத்து நாள், மஃரிப் தொழுகை முடிந்ததும் வானத்தைப் பார்த்து, நிலா எவ்வளவு உயரத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று நோட்டில் வரைந்து வரவேண்டும். ஏழாம் நாள் வாக்கில் பாதி நிலா தலைக்கு மேலே வந்து நிற்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

ஆசிரியர்களுக்கான அரை நாள்

இப்போது பயிற்சிக்கு வருவோம். இப்படி யோசிக்க ஓர் ஆசிரியரைப் பழக்குவது எப்படி? மண்டபம் பிடித்து, இருநூறு பேரைக் கூட்டி, சிறப்பு விருந்தினரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, சான்றிதழ் கொடுக்கும் 'பயிற்சி முகாம்' வேண்டவே வேண்டாம். எட்டுப் பேர், பத்துப் பேர் போதும். ஒரு சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம். பள்ளிக்கூடத்திலேயே, அதே திரையின் முன்னால்.

முதல் அரை மணி நேரம் பயிற்சியாளர் வேண்டுமென்றே தவறாகப் பாடம் நடத்தட்டும். ஒரு வார்த்தை பேசாமல் முழுப் படத்தையும் போட்டுவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்கட்டும். ஆசிரியைகளும் "புரிந்தது" என்பார்கள். உடனே மூன்று கேள்விகள் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும். பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் தம் வகுப்புப் பிள்ளைகளின் நிலை அவர்களுக்கு விளங்கும். நூறு சொற்பொழிவுக்கு இது சமம்.

அதன்பிறகு பயிற்சியாளர் அதே படத்தை, மேலே நாம் சொன்ன விதத்தில் நடத்திக் காட்ட வேண்டும். மீதி நேரம் முழுக்க ஆசிரியர்களுடையது. ஒவ்வொருவரும் வரும் வாரம் தாம் நடத்தப் போகும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு படத்தைத் தேடி, ஒரே ஒரு தாளில் எழுத வேண்டும். பிள்ளைகள் இந்தப் பாடத்தில் செய்யும் தவறு என்ன? படம் போடுவதற்கு முன் கேட்கும் கேள்வி என்ன? எந்த நிமிடம் எந்த வினாடியில் தொடங்கி, எதில் முடிக்கப் போகிறேன்? எங்கே நிறுத்தி என்ன கேட்பேன்? திரையை அணைத்த பிறகு பிள்ளையின் கைக்கு என்ன வேலை? எழுதி முடித்ததும் சக ஆசிரியர்களையே பிள்ளைகளாக வைத்துப் பத்து நிமிடம் நடத்திக் காட்ட வேண்டும். பி.எட். படித்த எல்லோரும் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில் இதைச் செய்திருக்கிறார்கள். புதிதாக வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படம் தேடும்போது சொல்லிக் கொடுக்க வேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. முதலில் மணற்கேணியிலும் திக்ஷாவிலும் தேடிவிட்டு, அங்கே கிடைக்காததை மட்டும் யூடியூபில் தேடலாம். யாரோ முகமறியாதவர் போட்ட படமானால் பாடநூலோடு ஒப்பிட்டுத் தகவல் சரிதானா என்று பார்க்க வேண்டும். அடுத்த படம் தானாக ஓடாமல் இருக்க அந்த வசதியை அணைத்து வைக்க வேண்டும். நெட் போனாலும் வகுப்பு நிற்காதபடி, அனுமதி உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பறையில் மாணவர்களுக்கு மட்டும் படம் காட்டுவதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் பிறர் எடுத்த படத்தைப் பள்ளியின் பெயர் போட்டு வெளியிடுவது வேறு சங்கதி, அது கூடாது.

எல்லோரும் விட்டுவிடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. பயிற்சி முடிந்து இரண்டு வாரத்துக்குள், உடன் பயின்ற ஓர் ஆசிரியை இன்னொருவரின் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைமையாசிரியை உட்கார்ந்தால் அது ஆய்வு ஆகிவிடும், பயம் வந்துவிடும். சக ஆசிரியைதான் உட்கார வேண்டும். அவர் படத்தையும் பார்க்க வேண்டாம், நடத்துகிறவரையும் பார்க்க வேண்டாம். பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்த்து, எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்தக் கேள்விக்குக் கைகள் உயர்ந்தன என்று குறித்துக்கொடுத்தால் போதும். இது இல்லாவிட்டால் சனிக்கிழமை கற்றது அடுத்த சனிக்கிழமைக்குள் மறந்து போகும்.

யார் செலவு செய்வது?

ஒரு பெரிய தொடுதிரையின் விலை லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ போகிறது. பத்து ஆசிரியைகளுக்கு ஒரு சனிக்கிழமைக்கு ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய். வருடத்தில் ஆறு சனிக்கிழமை என்றால் 30,000. பயிற்சியாளருக்கும் தேநீருக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு திரையின் விலையில் இரண்டு, மூன்று வருடம் ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும் பழக்கிவிடலாம். "சனிக்கிழமை சும்மா வந்துவிட்டுப் போங்கள்" என்று ஆசிரியைகளிடம் சொல்லக் கூடாது. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது நமக்கு அழகல்ல.

இதற்குப் பளிங்குக் கல் வைக்க முடியாது என்பதுதான் தயக்கம் என்றால், வாசலில் ஒரு பலகை எழுதி வைக்கட்டும், "இவ்வாண்டு ஆசிரியர் பயிற்சி இன்னாரின் உதவியால்" என்று. நமக்கு ஆட்சேபணை இல்லை!

தாளாளர்கள் ஓர் அச்சத்தைச் சொல்வார்கள். "பழக்கிவிட்டால் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்களே?" போகத்தான் செய்வார்கள். கடையில் தொழில் கற்ற பையன் தனிக்கடை வைப்பதில்லையா? அதற்காகத் தொழில் கற்றுக்கொடுக்காமலா இருக்கிறோம்? ஒரே வட்டாரத்தில் உள்ள நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து பயிற்சியை நடத்தினால் இந்தக் கவலையும் பாதி குறையும். எந்தப் பள்ளிக்குப் போனாலும் நம் பிள்ளைகளுக்குத்தானே பாடம் நடத்தப் போகிறார்?

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றது. தமிழகத்தில் நம் நிலை வடமாநிலங்களைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் கணக்கும் அறிவியலும் புரியாமல் போனதால் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்து, கடைக்கோ சபுராளிக்கோ போன பையன்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம். பள்ளிக்கூடம் இருந்தும், பீஸ் கட்டியும், திரை இருந்தும் இது நடக்கிறது.

இளைஞர்கள் என்ன செய்யலாம்?

இளைஞர்களே! செல்போனும் இணையமும் உங்களுக்குக் கைவந்த கலை. ஆசிரியைக்குத் தேடி எடுப்பதில் தடுமாற்றம் இருக்கும். உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய் "நாங்களே வந்து படம் போட்டுப் பாடம் நடத்துகிறோம்" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் வேலை அல்ல. "வரும் வாரம் என்ன பாடம்? பட்டியல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று படம் தேடி, நீளத்தையும் மொழியையும் குறித்துக் கொடுங்கள். எதைக் காட்டுவது என்று ஆசிரியை முடிவு செய்யட்டும். பழுதான வயரை மாற்றிக் கொடுப்பது, பாட வாரியாகப் பென்டிரைவில் அடுக்கித் தருவது எல்லாம் சிறு உதவிகள்தான். ஆனால் திரையின் மேல் துணி விழுவது பெரும்பாலும் இந்தச் சிறு காரணங்களால்தான்.

ஒரு பகுதியில் மட்டும் தேடினாலும் எளிதில் கிடைக்காது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து உர்தூ வழிப் பள்ளிகளைச் சொல்கிறோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் குவிந்து கிடக்கிற அளவுக்குப் பள்ளிப் பாடப் படங்கள் உர்தூவில் இல்லை. 1998இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட மௌலானா ஆஸாத் தேசிய உர்தூ பல்கலைக்கழகம் தனது ஊடக மையத்தின் மூலம் உர்தூவில் படங்கள் தயாரித்து வெளியிடுகிறது. அதில் தேடிப் பார்க்கலாம். பெரும்பாலும் அவை கல்லூரிப் பாடங்களை ஒட்டியவை. ஆகவே அங்குள்ள ஆசிரியர்களுக்கான பயிற்சியில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும். பேச்சில்லாத படத்தை எடுத்து, அதற்குத் தாமே உர்தூவில் குரல் கொடுக்கும் பயிற்சி அது. நாசாவின் நிலாப் படத்தில் தொடங்கலாம். ஒரு செல்போனும், சத்தமில்லாத ஓர் அறையும், தம் பிள்ளைகளை அறிந்த ஓர் ஆசிரியரும் போதும்.